வாய் எந்தப் பக்கம்

எங்கள் ஊரில் மண்ணைப் பற்றிப் பேசப் படிப்பு தேவையில்லை. விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டை வாசலில் டீ குடிக்க நிற்பவர்களில் யாரைக் கூப்பிட்டாலும், ஒரு சிட்டிகை களிமண்ணை விரலில் தேய்த்துப் பார்த்து, இது சூளையில் நிற்குமா வெடிக்குமா என்று சொல்லிவிடுவார்கள். அதனால் நான் மண்ணைப் படித்து டாக்டர் பட்டம் வாங்கியதை ஊரில் ஒருவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடலுக்கடியிலிருந்து எடுத்த மண் என்று சொன்னால் மட்டும் ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்ப்பார்கள். "அது பொம்மைக்கு ஆவுமா?" என்பது அடுத்த கேள்வி. ஆகாது, உப்பு என்பேன். அத்தோடு என் ஆராய்ச்சியின் மேல் இருந்த அக்கறை தீர்ந்துவிடும்.

நான் கடல் நிலவியல்காரி. கடற்கரை நகரம் ஒன்றில் வேலை, லீவு கிடைத்தால் ஊர். ஊரில் கடல் கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் நெய்வேலி, வடலூர், குறிஞ்சிப்பாடி என்று பஸ்ஸில் குலுங்கிக் கடலூர் போய்ச் சேர வேண்டும். சின்ன வயதில் வருஷத்துக்கு ஒரு தடவை அழைத்துப் போவார்கள். மற்றவர்கள் அலையில் கால் நனைப்பார்கள். நான் மட்டும் இந்தத் தண்ணீரை எல்லாம் இறைத்துவிட்டால் அடியில் என்ன இருக்கும் என்று கேட்டு எல்லோர் உயிரையும் வாங்குவேன். அப்பா சுண்டல் வாங்கிக் கொடுத்து வாயை அடைப்பார்.

அடியில் வாய்க்கால்கள் இருக்கின்றன. கரையை ஒட்டிய ஆழமில்லாத கடல் ஓரிடத்தில் முடிந்து, தரை சட்டென்று சரிந்து இறங்கும். அந்தச் சரிவில் பள்ளத்தாக்குகள் வெட்டியிருக்கும். அங்கிருந்து கிளம்பும் வாய்க்கால்கள் நம் ஆறுகளைப் போலவே வளைந்து நெளிந்து, இரண்டு பக்கமும் தாமே கரை கட்டிக்கொண்டு வெகுதூரம் போகும். அவற்றில் எந்நேரமும் எதுவும் ஓடிக்கொண்டிருக்காது. எப்போதோ ஒரு தடவை மேலே சேறு சரிந்து, கலங்கி, அந்த வழியாகப் பாய்ந்து போகும். பாய்வதைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. பாய்ந்து முடிந்தபின் படிந்து கிடக்கும் மண்ணைப் பார்த்துத்தான் என்ன வந்தது, எப்படி வந்தது என்று நாங்கள் சொல்கிறோம். சாப்பிட்டவரைப் பார்க்காமல் எச்சில் இலையைப் பார்த்து ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்வது போன்ற வேலை.

இலையைப் படிப்பதற்கு ஒரு விதி உண்டு. கலங்கிய நீரில் கனமான மணல் முதலில் படியும், மெல்லிய சேறு பின்னால் படியும். ஆகவே சேற்றுச் சரிவு விட்டுப் போகிற படிவில் பரு மணல் அடியில், மாவு போன்ற சேறு மேலே. இது ஒரு வாளியும் கொஞ்சம் மண்ணும் இருந்தால் யாருக்கும் தெரிகிற விஷயம். ஆற்று வெள்ளம் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. வெள்ளம் சட்டென்று வராது. முதலில் லேசாக வரும், பிறகு பெருகும். எனவே அடியில் மெல்லிய சேறும், மேலே போகப் போகப் பரு மணலும் இருந்தால், அது சரிவு இல்லை, வெள்ளம். சேறு சுமந்த ஆற்று நீர் கனம் தாங்காமல் கடல் நீருக்கு அடியில் முங்கி, அந்த வாய்க்கால் வழியே ஓடியிருக்கிறது என்று பொருள்.

எனக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அப்படிப்பட்ட ஒரு மண் துண்டுதான். எங்கள் மாவட்டத்துக்கு நேர் கிழக்கே, கரையிலிருந்து நெடுந்தூரத்தில், ஒரு வாய்க்காலின் தரையில் மண் எடுக்க இறக்கிய குழாயின் மூன்றாவது துண்டு, எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது. அதில் நாலு படிவுகள். நாலிலும் கீழே சேறு, மேலே மணல். மணலுக்கு மேல் கத்தியால் வெட்டியது போல் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்கும் நான் ஒரு விளக்கம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்: வெள்ளம் திடீரென்று நின்றுவிட்டதாம். எங்கள் பக்கத்து ஆறுகள் பெருவெள்ளத்தில் கடற்கரையோடு நிற்பதில்லை, கடலுக்கடியிலும் ஓடுகின்றன என்று ஒரு கட்டுரை எழுதினேன். வெளியூர்க்காரர்கள்கூடப் படித்துவிட்டுக் கடிதம் போட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

இந்த ஒரு விஷயத்தை மட்டும் ஊர் பிடித்துக்கொண்டது. உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்தில் சும்மா இருக்க மாட்டாமல் நான்தான் சொன்னேன்: நம் மணிமுத்தாறு வெள்ளாற்றில் சேர்ந்து கடலுக்குப் போகிறதல்லவா, அங்கேயும் நிற்பதில்லை. கொஞ்ச நாள் கழித்து வேப்பூரில் பஸ் நிறுத்திய ஓட்டலில், பக்கத்து இலைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "நம்ம ஆறு கடலுக்கு அடியிலயே இலங்கை வரைக்கும் போவுதாமே" என்றார். அவ்வளவு தூரம் இல்லை என்று திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

அந்தக் கட்டுரையின் பலத்தில்தான் எனக்கு ஒரு கப்பல் கிடைப்பதாக இருந்தது. கப்பல் என்றால் சொந்தமாக அல்ல. ஆராய்ச்சிக் கப்பலில் ஒரு பயணத்துக்குத் தலைமை விஞ்ஞானி. எங்கே நிற்பது, எங்கே குழாய் இறக்குவது, எப்போது கிளம்புவது எல்லாம் அவர் சொல்வதுதான். பத்து வருஷமாக நான் பிறர் கப்பலில் போய், பிறர் நிறுத்திய இடத்தில் குழாய் இறக்கியவள். "இன்னும் கொஞ்சம் கிழக்கே போனால்" என்று நான் கேட்ட போதெல்லாம், நேரமில்லை என்று கப்பலைத் திருப்பியிருக்கிறார்கள். இந்தத் தடவை என் வாய்க்காலைத் தேடி, என் பேச்சைக் கேட்டு ஒரு கப்பல் போகும். ஒரு வாரத்தில் கப்பலை ஒதுக்குகிற கமிட்டி முன்னால் நான் பேச வேண்டும். பேச்சு சடங்குதான், முடிவு ஏறக்குறைய ஆகிவிட்டது என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கப்பலை நான் எவ்வளவு விரும்பினேன் என்று இப்போதும் சொல்ல முடியவில்லை.

பேச்சைத் தயாரிக்க லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். ஊரில் நான் உட்காருகிற இடம் தங்கையின் பொம்மைக் கம்பெனி. எனக்கு இரண்டு வயது இளையவள். ஊரிலேயே செராமிக் டிப்ளமா படித்து, கல்யாணம் ஆகி, அவளும் அவள் வீட்டுக்காரரும் தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு யூனிட் வைத்திருக்கிறார்கள். பிள்ளையார், யானை, உட்கார்ந்த புத்தர் எல்லாம் அங்கே பிறப்பார்கள். மூலையில் ஒரு மேஜையும் மேலே ஒரு மின்விசிறியும் உண்டு. கடல் ஆராய்ச்சிக்கு அதைவிட நல்ல இடம் எனக்கு இதுவரை அமையவில்லை.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஆட்கள் இல்லை. அவள் ஒருத்தியாக அச்சுகளில் களிமண் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தாள். பிளாஸ்டர் அச்சு இரண்டு பாதியாக இருக்கும். சைக்கிள் டியூபை வெட்டிய பட்டையால் இறுக்கிக் கட்டி நிறுத்துவார்கள். மேலே ஒரு ஓட்டை. அதற்கு வாய் என்று பெயர். வாய் வழியாகக் கூழை ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டால், பிளாஸ்டர் ஈரத்தை உறிஞ்சி, பொம்மை சுவரோடு சுவராகப் படிந்துவிடும். மிச்சக் கூழைக் கவிழ்த்துவிட வேண்டியதுதான். நாங்கள் இருவரும் ஸ்கூல் விட்டு வந்து யார் யார் யூனிட்டிலோ வாய் பார்த்து ஊற்றிப் பழகியவர்கள்.

நான் லேப்டாப்பில் அந்த மூன்றாவது துண்டின் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, மணலைச் சுட்டிக்காட்ட ஒரு சிவப்பு அம்புக்குறி நன்றாக இருக்குமா மஞ்சள் நன்றாக இருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கூழ் ஜக்கோடு பின்னால் வந்து நின்றவள் அம்புக்குறியைப் பார்க்கவில்லை. குழாயின் நுனி மூடியில் கறுப்பு மார்க்கரில் எழுதியிருந்ததைப் பார்த்தாள்.

"என்னாக்கா, வான்னு எழுதி வச்சிருக்க? யார கூப்புடுற?"

யாரையும் கூப்பிடவில்லை, வாய் என்பதன் சுருக்கம் என்றேன். அதன் கதையையும் சொன்னேன். குழாயைக் கடலிலிருந்து தூக்கியதும் ஒவ்வொரு மீட்டராக அறுத்து, இரண்டு நுனியிலும் மூடி போட்டு, எது மேல் எது கீழ் என்று ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அறுத்த மண்ணைப் பார்த்து எந்த நுனி மேல் என்று பிறகு கண்டுபிடித்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது வினை. இந்தத் துண்டை அறுக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. கப்பல் வேறு ஆடுகிறது, ஸ்டிக்கர் ஒட்டவே மாட்டேன் என்கிறது. கையில் இருந்த மார்க்கரால் ஒரு நுனியில் 'வா' என்று கிறுக்கி, ஓடிப்போய்க் குளிர் அறையில் போட்டேன்.

"வாய் மேலயா, கீழயா?"

"மேலதான். வாய்னா மேலதானடி."

அவள் ஒரு பிள்ளையாருக்குக் கூழ் ஊற்றி முடித்தாள். விளிம்பில் வழிந்ததைக் கட்டை விரலால் வழித்தாள். "மண்ணு எந்தப் பக்கமா கொழாய்க்குள்ள போச்சு?" என்றாள்.

கீழிருந்து என்றேன். குழாயின் தலையில் கனத்த பாரம் இருக்கும், கம்பியில் கட்டி விட்டால் போய்த் தரையில் குத்தி இறங்கும், மண் அடி நுனி வழியாக உள்ளே ஏறும். இதைச் சொல்லும்போது எனக்கு எதுவும் உறைக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சொல்கிற குரலில்தான் சொன்னேன்.

"அப்ப வாயி அடியிலதான இருக்குது. மண்ணு போற பக்கம்தான வாயி."

சொல்லிவிட்டு அடுத்த அச்சுக்குப் போய்விட்டாள். அவளுக்கு அது ஒரு விஷயமே இல்லை. நான் அம்புக்குறியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஏனென்றால் அவள் சொன்னவுடன் அந்த மழை எனக்கு ஞாபகம் வந்தது. குழாய் மேலே வந்ததும் நான் முதலில் ஓடியது அதன் அடி நுனிக்குத்தான். அங்கே இரும்பில் கூரான விளிம்பு இருக்கும், மண்ணை வெட்டி உள்ளே விடுவதற்கு. அதிலிருந்து சேறு வழிந்துகொண்டிருந்தது. கூழ் வழிகிற அச்சு மாதிரி இருக்கிறதே என்று நினைத்ததும் ஞாபகம் இருக்கிறது. வாய் என்று அன்றைக்கு நான் நினைத்தது அந்தப் பக்கத்தைத்தான். எட்டு மாதம் கழித்து, உலர்ந்த சட்டையோடு குளிர் அறையில் நின்று கணினியில் பதிவு செய்தபோது, 'வா' என்பதைப் பார்த்து, வாய் என்றால் மேல் என்று கொஞ்சமும் யோசிக்காமல் தட்டிவிட்டேன். எழுதும்போது மனசு கடலில் இருந்தது, படிக்கும்போது விருத்தாசலத்துப் பொம்மை அச்சில் இருந்தது. வேறு யாராவது எழுதியிருந்தால் இது என்ன என்று நாலு பேர் கேட்டிருப்பார்கள். எழுதியதும் நான், படித்ததும் நான் என்பதால் ஒருவரும் கேட்கவில்லை.

துண்டைத் தலைகீழாகத் திருப்பினால் எல்லாம் சாதாரணமாகிவிடும். மணல் அடியில், சேறு மேலே. அந்தக் கத்திக் கோடு, சரிவு வந்து பழைய தரையை அரித்த இடம். வெள்ளமும் இல்லை, முங்கி ஓடிய ஆறும் இல்லை. உலகத்தில் எங்கேயும் கிடக்கிற சேற்றுச் சரிவு. படத்தைத் தலைகீழாக்கிப் பார்த்தேன். பார்க்கவே முடியவில்லை, அவ்வளவு சரியாக இருந்தது.

இன்னொன்றும் இருந்தது, அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. குழாய் மண்ணுக்குள் இறங்கும்போது ஓரத்தில் உரசி, படிவுகளின் விளிம்புகளைக் கீழ்ப்பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். மற்றத் துண்டுகளில் எல்லா விளிம்பும் கீழே வளைந்திருந்தது. இதில் மட்டும் மேலே. நான் அதைப் பார்த்திருந்தேன். பார்த்துவிட்டு, ஏதோ கலைந்திருக்கிறது என்று கடந்து போயிருந்தேன். கையில் நல்ல கதை ஒன்று கிடைத்த பிறகு விளிம்பை யார் பார்க்கிறார்கள்.

என் முகம் போன போக்கைப் பார்த்துத் தங்கை ஜக்கை வைத்துவிட்டு வந்தாள். சொன்னேன். முதலில் அவளுக்குச் சிரிப்பு. "வாயி எது, காலு எதுன்னு தெரியாமதான் இத்தினி வருசமா வாய்க்கால் ஆராய்ச்சி பண்ணியா?" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு லேப்டாப்பை மூடிய சத்தம் பக்கத்து யூனிட்டுக்குக் கேட்டிருக்கும். எதற்கெடுத்தாலும் விளையாட்டு, உன்னிடம் போய்ச் சொன்னேனே என்று கத்தினேன். கப்பல் போய்விடும் என்பது அதற்குப் பிறகுதான் என் வாயிலிருந்து வந்தது. அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறி ஆய்வுக்கூடம் போனேன். எந்தத் துண்டையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டு, மறு பாதியைத் தொடாமல் குளிர் அறையில் பூட்டி வைப்போம். அந்த மறு பாதியை எடுத்து விளிம்புகளைப் பார்த்தேன். கப்பலில் எடுத்த பழைய போட்டோக்களையும் தேடினேன். ஒன்றில் நான் மழையில் நனைந்து பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் அந்தக் கூர் விளிம்பு, அதைத் தொட்டாற்போல் 'வா'. சந்தேகத்துக்கு இடமே இல்லை. தங்கை சொன்னது சரி.

எங்கள் துறைத் தலைவருக்குப் போன் செய்தேன். நல்ல மனிதர், எனக்காகப் பல இடத்தில் பேசியவர். பொறுமையாகக் கேட்டார்.

"இது வேற யாருக்கும்மா தெரியும்?"

"என் தங்கச்சிக்குத் தெரியும் சார்."

"அவங்க எந்த இன்ஸ்டிடியூட்?"

பொம்மை செய்கிறாள் என்றேன். அந்தப் பக்கம் பெருமூச்சு மாதிரி ஒன்று கேட்டது. அவர் என்னைப் பொய் சொல்லச் சொல்லவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். கமிட்டி முடியட்டும், கப்பல் உன் கைக்கு வரட்டும், போய் நாலு இடத்தில் புதிதாகக் குழாய் இறக்கிப் பார், அப்புறம் திருத்தம் போடலாம், இப்போது அவசரப்படாதே என்றார். அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் பட்டது. ஒரு வாரம் சும்மா இருந்தால் போதும். குளிர் அறையின் பூட்டைப் பல வருஷத்துக்கு யாரும் திறக்கப் போவதில்லை. திறந்தாலும் 'வா' என்பதை அவர்கள் எப்படி வேண்டுமானாலும் படித்துக்கொள்ளட்டும். சும்மா இருப்பதென்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டுத்தான் மறுபடி ஊருக்குப் பஸ் ஏறினேன்.

சேத்தியாத்தோப்பில் ஒரு அம்மா ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் ஒரு கீரைக்கட்டு. என்ன வேலை பார்க்கிறேன் என்று கேட்டார். இறங்குகிறவரை பேச்சுத் துணை இருக்கட்டும் என்று நானும் சொன்னேன். மண்ணில் குழாய் இறக்கி, வந்ததைப் பார்த்து எழுதுகிற வேலை என்று. அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்க நெலத்துலயும் கொழா எறக்குனாங்க" என்றார். "மொத மொத நெய்வேலி சொரங்கத்துக்குக் கரி இருக்குதான்னு பாக்க. மண்ண பொட்டியில போட்டு எடுத்துக்கினு போனாங்க. என்னா எழுதுனாங்கன்னு எங்களுக்குத் தெரியாது. எழுதுனதுதான் நின்னுச்சி, நெலம் நிக்கல."

கோபமாகச் சொல்லவில்லை. கீரை என்ன விலை என்று சொல்வது போலச் சொன்னார். கம்மாபுரத்தில் இறங்கும்போது, போயிட்டு வரேம்மா என்று சொல்லிவிட்டு இறங்கினார். விருத்தாசலம் வருகிறவரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயில் வந்ததை எழுதுகிறவர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது, அதில் நானும் ஒருத்தி என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. எழுதினால் நின்றுவிடும். என் ஆறு இலங்கை வரை போய்ச் சேர்ந்ததைப் பார்த்தவள்தானே நான்.

அன்று சாயங்காலம் தங்கை யூனிட்டின் அதே மூலை மேஜையில் உட்கார்ந்து இரண்டு கடிதம் எழுதினேன். ஒன்று கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு, ஒன்று கமிட்டிக்கு. மூன்றாவது துண்டு தலைகீழாகப் பதிவாகிவிட்டது, தவறு என்னுடையது, முடிவுகள் நிற்காது. இதை எழுத அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அனுப்பு என்பதை அழுத்தத்தான் நேரம் ஆனது. தங்கை இரண்டு டீ வாங்கி வந்து, ஒன்றை என் பக்கத்தில் வைத்தாள். அனுப்பிய பிறகுதான் குடித்தேன், ஆறிப் போயிருந்தது.

கப்பல் இன்னொருவருக்குப் போனது. வேறொரு கடல், வேறொரு கேள்வி. முறைதான். என் கேள்விதான் இல்லாமல் போய்விட்டதே, அப்புறம் எதற்கு அங்கே கப்பல். இப்படியெல்லாம் எல்லோரிடமும் நிதானமாகச் சொன்னேன். கப்பல் கிளம்பிய அன்று அலுவலகக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். பத்து வருஷம் காத்திருந்ததை ஒரு கறுப்பு மார்க்கர் கொண்டுபோய்விட்டதே என்று அழுதேன். சாயங்காலம் தங்கை போன் செய்து, "கப்பல் போயிடுச்சாக்கா?" என்று மட்டும் கேட்டாள். போயிடுச்சு என்றேன். அத்தோடு வைத்துவிட்டோம். அதன் பிறகு மாதக்கணக்கில் அவள் என்னிடம் கிண்டலாக ஒரு வார்த்தை பேசவில்லை. அது கப்பல் போனதைவிடக் கொடுமையாக இருந்தது. தான் அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். இல்லை என்று சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. நேராகச் சொல்லிவிடுகிற பழக்கம் எங்கள் வீட்டில் சண்டைக்கு மட்டும்தான் உண்டு.

கடைசியில் இதழில் திருத்தம் வெளிவந்தது. அரைப் பக்கம். என்ன தவறு, எப்படி நேர்ந்தது, எந்த முடிவுகளைக் கைவிடுகிறேன் என்று ஒவ்வொன்றாக. கடைசி வரியில், இந்தத் தவறைச் சுட்டிக்காட்டியவருக்கு நன்றி என்று அவள் பெயர். பெயருக்குக் கீழே நிறுவனம் கேட்டார்கள். அவள் யூனிட்டின் பெயரையும், செராமிக் தொழிற்பேட்டை, விருத்தாசலம் என்றும் கொடுத்தேன். அதை ஒரு தாளில் அச்செடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன்.

அவள் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, இன்னொரு தடவை துடைத்துவிட்டுத் தாளை வாங்கினாள். இங்கிலீஷை மெதுவாக எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். மேலே இருந்ததையெல்லாம் விட்டுவிட்டு நேராகக் கடைசி வரிக்கு வந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். என்னடி என்றேன்.

"இன்ஷியல தப்பா போட்டிருக்க."

வாங்கிப் பார்த்தேன். அப்பாவின் எழுத்தைப் போட்டிருந்தேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷமாக ரேஷன் கார்டு, பான் கார்டு, யூனிட்டின் பேப்பர் எல்லாவற்றிலும் அவளுக்கு வீட்டுக்காரர் எழுத்துதான். நானோ யோசிக்காமல், எங்கள் ஸ்கூல் நோட்டு அட்டையில் இருந்த மாதிரியே எழுதி அனுப்பியிருக்கிறேன். என் பெயருக்கு முன்னால் உள்ள அதே எழுத்து, அரைப் பக்கம் கீழே அவள் பெயருக்கு முன்னாலும். அப்பா போய் எட்டு வருஷமாகிறது. தப்பைத் திருத்துகிற இடத்திலும் தப்பா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்றைக்கே கடிதம் போடுகிறேன், திருத்தத்துக்கு ஒரு திருத்தம் போடச் சொல்கிறேன் என்று போனை எடுத்தேன்.

அவள் தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"வாணாம்க்கா, அப்பிடியே இருக்கட்டும். ஒன் தங்கச்சியாத்தான சொன்னேன்."

அந்த ஒரு தவறை மட்டும் நான் திருத்தவில்லை.